பதினேழும் பச்சை

அன்றைக்கு அந்தக் காட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு வராது. கொழுந்து பறிக்கப் பத்தொன்பது பெண்கள். அவர்களுக்குக் கங்காணி காளியப்பன். மேலே எடைக் கொட்டகையில் நான், சூசைமாணிக்கம். ஆக இருபத்தொரு பேர். ஃபீல்டு ஆபீசர் ராஜகோபால் சார் காலையில் ஜீப்பில் வந்து பெயர் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை. யானையையும் சேர்க்கவில்லை. அது இரண்டு. தாயும் குட்டியும்.

பத்தொன்பது பெண்களில் போன் உள்ளவர்கள் பதினேழு பேர். பார்வதியின் போனை அவள் மகன் வைத்துக்கொண்டான். ஜார்க்கண்டிலிருந்து வந்த பூல்மணி இன்னும் வாங்கவில்லை. பதினேழு. இந்த ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

உங்களைத் தொந்தரவு செய்கிறேனா? நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. பொள்ளாச்சியில் ஏறினதிலிருந்து ஆழியாறு செக்போஸ்ட் தாண்டுகிற வரைக்கும் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டேதான் வந்தேன். நீங்கள் போனில் யாரிடமோ ஆப் செய்கிற வேலை என்று சொன்னது காதில் விழுந்தது. மடியில் லேப்டாப் பையும் இருக்கிறது. அதனால் ஒரு சந்தேகம் கேட்கிறேன். டவர் இல்லாத இடத்தில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குச் செய்தி போக இரண்டு வழி இருக்கிறது என்கிறார்கள். புளூடூத் ஒன்று. வைஃபை டைரக்ட் ஒன்று. இரண்டில் எது சரி?

உடனே சொல்ல வேண்டாம். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வால்பாறைக்கு இன்னும் நிறைய வளைவு இருக்கிறது.

எங்கள் எஸ்டேட் பெயர் வேண்டாம். தேயிலை நிற்கிற இடத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்லுவோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். இது பதினான்காம் நம்பர் காடு. மேலே மேட்டில் எடைக் கொட்டகை. அங்கே ஒரு மூலையில் நின்றால் டவர் கிடைக்கும். கீழே சரிவில் தேயிலை, அடியில் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் நிஜக் காடு. கீழே இறங்கினால் டவர் கிடையாது. யானை வருகிறது என்று மேலே இருக்கிற எனக்குத் தெரியும், கீழே இருக்கிற அவர்களுக்குத் தெரியாது. கொட்டகையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். யானை நடமாட்டம் பார்க்கிற வாட்சர் போன் பண்ணினால் நான் அதை அடிப்பேன். எனக்குச் சத்தம் போட்டுக் கூப்பிட வராது. சின்ன வயதிலிருந்தே வராது. தண்டவாளம் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. மிருதுளா என்று ஒரு பெண், கூட ஒரு பையன். யானை எச்சரிக்கைக்கு ஆப் செய்கிறோம் என்றார்கள். டவர் மூலையில் ஒரு போனைத் தூணில் கட்டினார்கள். அதற்குத் தலைப்போன் என்று பெயர். வாட்சர் அனுப்புகிற செய்தி அதற்கு வரும். அதிலிருந்து பக்கத்தில் இருக்கிற போனுக்குத் தாவும், அங்கிருந்து அடுத்த போனுக்கு, அப்படியே நிரையில் நிற்கிற பெண்கள் வழியாக ஓடை வரைக்கும் இறங்கும். டவரே வேண்டாம்.

எப்படித் தாவ வைப்பது என்பதில்தான் அவர்களுக்கே ஒரு முடிவு இல்லை. அந்தப் பெண் பெயர் கூப்பிடுகிற களத்தில் நின்று எல்லாருக்கும் விளக்கினாள். நல்ல பெண். மலைக்காரர்கள் என்று இளக்காரமாகப் பேசவில்லை.

"புளூடூத்னா, பக்கத்துல நிக்கறவங்க காதுல மெதுவா சொல்ற மாதிரி. யாரையும் கேக்காது, தானாப் போயிடும். ஆனா கிட்ட இருக்கணும், ஒரு முப்பது அடி. வைஃபை டைரக்ட்னா அந்த மேட்டுல இருந்து கூப்பிடற மாதிரி. இருநூறு அடி கூடப் போகும். ஆனா எதிர்ல இருக்கற போன் 'சேர்க்கலாமா'ன்னு கேக்கும். ஒருத்தங்க 'சரி'ன்னு அமுக்கணும். ரெண்டையும் ரெண்டு ரெண்டு வாரம் போட்டுப் பாத்துட்டு எது நல்லா வருதோ அதை வெச்சுக்கலாம்."

பறிக்கிற பெண்களில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி கேட்டாள், "ஆனைகிட்டயும் 'சேர்க்கலாமா'ன்னு கேக்குமா பாப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். தங்கபுஷ்பம் அப்படித்தான். சர்ச்சில் பாட்டு நடக்கும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவளைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

கடைசியில் அந்தப் பெண் ஒன்று சொன்னாள். "டெஸ்டுக்காக எதையும் மாத்த வேண்டாம்க்கா. வேலை நேரத்துல போனை எப்பவும் எப்படி வெச்சிருப்பீங்களோ அப்படியே வெச்சுக்கங்க. அப்பதான் உண்மையான ரிசல்ட் வரும்."

பதினேழு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஏன் என்னைப் பார்த்தார்கள் என்றால், வேலை நேரத்தில் போன் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். அது இரண்டு வருஷமாக உள்ள வழக்கம். யாரோ ஒருத்தி தேயிலைக்குள் உட்கார்ந்து நாடகம் பார்த்தாள் என்று ராஜகோபால் சார் கோபப்பட்டு, காட்டுக்குள் போன் கூடாது என்று சொல்லிவிட்டார். எழுதி ஒட்டவில்லை. வாயால் சொன்னது. மழைக்கும் அது நல்லதுதான். நான் பம்பு வந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே சாக்கு விரித்து, அட்டை வெட்டிப் பதினேழு அறை வைத்தேன். ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் சீட்டு. அதே நம்பர் அவர்கள் கையில். காலையில் கொடுத்துவிட்டு இறங்குவார்கள், சாயங்காலம் எடை போட்டதும் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு போன் மாறினதில்லை. ஒரு கண்ணாடி கீறினதில்லை. இதை நானாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்.

ஆகவே எப்பவும் போல் வைத்தோம்.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். சின்ன வேலைதான், ஆனால் தவறக் கூடாத வேலை. தலைப்போனில் பதினேழு வட்டம் தெரியும். செய்தி போய்ச் சேர்ந்த போனுக்கு வட்டம் பச்சை ஆகும். அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஐயா, பதினேழும் பச்சையா வந்துட்டா நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். எல்லாருக்கும் போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம். ஒண்ணு குறைஞ்சாக்கூட உங்க தண்டவாளத்தை அடிச்சிருங்க."

நான் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினேன். "கரெக்ட் ஐயா, கரெக்ட்" என்றாள்.

முதல் இரண்டு வாரம் வைஃபை டைரக்ட். அது எங்களுக்கு ஒத்துவரவே இல்லை. தினமும் ஒரு தடவை சோதனைச் செய்தி வரும், வட்டம் எல்லாம் சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கும். பெட்டிக்குள் ஒவ்வொரு போனும் 'சேர்க்கலாமா' என்று கேட்டுக்கொண்டு கிடக்கும். யார் அமுக்குவது? அமுக்க ஆள் இல்லை. போனைத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு, நான் தொடவில்லை. தினமும் தண்டவாளத்தை அடித்தேன். தினமும் பத்தொன்பது பேரும் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்கள். வந்து, சோதனை என்று தெரிந்ததும் என்னைத் திட்டினார்கள்.

"மாமா, உங்களுக்கு மணி அடிக்கணும்னு ஆசையா இருந்தா சர்ச்சுல போய் அடிங்க. எங்க முட்டியை ஏன் ஒடைக்கறீங்க?" தங்கபுஷ்பம்தான்.

ஏறி இறங்கினதில் எடையும் குறைந்தது. ராஜகோபால் சார் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் புளூடூத். தம்பி, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைப்போனில் செய்தி விழுந்ததும் பெட்டிக்குள் பதினேழும் ஒரே நேரத்தில் கத்தும். பெட்டியே ஆடும். ஒவ்வொன்றாகப் பச்சை, பச்சை, பச்சை. நான் வாயைத் திறந்து பதினேழு எண்ணி முடிப்பதற்குள் பதினேழும் பச்சை. ஒரு நாள்கூடத் தவறவில்லை. தண்டவாளத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. யாரும் ஏறி வரவில்லை, யாரும் திட்டவில்லை, எடை பழையபடி ஆனது.

அந்தப் பெண் மறுபடி வந்தபோது லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு அந்தப் பையனைக் கட்டிப்பிடிக்காத குறை. "நூத்துக்கு நூறு வருதுடா. சரிவுல, தேயிலைக்குள்ள, மழையில, ஒரு சிக்னல்கூடத் தவறல!" என்றாள். பேட்டரியும் புளூடூத்தில் குறைவாகத்தான் செலவாகிறதாம். அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் வந்து, "ஐயா, நீங்க இல்லாம இது நடந்திருக்காது" என்றாள். படித்த பிள்ளை அப்படிச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

கீழே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதும் உண்மை. மழை பிடித்துக்கொண்டது, அட்டைப்பூச்சி வேறு. ராஜகோபால் சார் ஜீப்பை எடுத்துவிட்டார்.

தங்கபுஷ்பம் மட்டும் ஒரு தடவை கேட்டாள். சாயங்காலம் சீட்டைக் காட்டிப் போனை வாங்கும்போது. அவள் நம்பர் ஒன்பது. "ஏன் மாமா, ஆனை வந்தா இந்தப் பொட்டியத்தான் மிதிக்குமா? பொட்டிக்கு மட்டும் சொல்லிட்டா எங்களுக்கு யாரு சொல்லுவா?"

நான் அதைக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவள் எதைச் சொன்னாலும் கிண்டல்தானே. "போய்ச் சேந்துருச்சுன்னுதான் பச்சை விழுது. அவங்களுக்குத் தெரியாததா" என்றேன். "உங்களுக்குப் பச்சை விழுந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன சொன்னீர்கள்? மெதுவாகச் சொல்லுங்கள், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. எல்லாம் ஒரே பெட்டியில் இருந்ததால்தான் அப்படி வந்தது என்கிறீர்களா? இருக்கலாம். பத்திரமாக இருந்தால் எந்தப் பொருளும் நன்றாக வேலை செய்யும். பையில் போட்டுக் குலுக்கி, வியர்வையில் நனைத்து வைத்தால் இப்படி வருமா? நீங்கள் அதைச் சொல்லவில்லையா? சரி, முழுதும் கேளுங்கள்.

அன்றைக்கு மூட்டம். பத்தடிக்கு மேல் தெரியாத மூட்டம். காலையில் போன்களை வாங்கி வைக்கும்போது தங்கபுஷ்பம் கடைசியாக நின்றாள். கொழுந்து வெட்டுகிற கத்தரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"மாமா, இன்னிக்கு என்னுதை மட்டும் விட்டுருங்க. இடுப்புல சொருகிக்கறேன். நான் ஓடைப் பக்கம் நிரை. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாருக்கும் விட்டுருங்க. உங்களுக்கும் சுமை குறையும்."

"சார் திரும்பி வந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

"உங்க சார் இந்த மூட்டத்துல வருவாரு பாருங்க."

நான் கையை நீட்டியபடியே நின்றேன். எனக்கு வாதாட வராது. கையை மடக்காமல் நிற்கத் தெரியும். அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள். பிறகு போனை வைத்தாள். "இந்தாங்க, உங்க பச்சையை நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் நனையாமல் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கினாள். கோபம் இல்லை. இறங்கும்போது பூல்மணியிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் போனாள். பூல்மணிக்குத் தமிழ் தெரியாது. அவளும் சிரித்தாள்.

நான் இதையும் யோசித்துப் பார்த்தேன் தம்பி. அன்றைக்கு அவளிடம் போனை விட்டிருந்தால், ஓடைக்கு அது எட்டியிருக்காது. முப்பது அடிதானே. தலைப்போனில் பதினாறுதான் பச்சையாகியிருக்கும். பதினாறு என்றால் உத்தரவுப்படி நான் தண்டவாளத்தை அடித்திருக்க வேண்டும். கம்பெனிக்காரர்களுக்கு அதுவரை வராத ஒரு குறை என் கையால் வந்திருக்கும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

செய்தி வந்தது. 'யானை, பதினான்காம் நம்பர், ஓடைப் பக்கம்.' பெட்டி ஆடியது. நான் தூணுக்குப் போய்ப் பார்த்தேன். பதினேழும் பச்சை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை விரல் வைத்து எண்ணினேன். பதினேழு. கம்பெனி நிரந்தரமாகப் போட்ட பிறகு வந்த முதல் நிஜச் செய்தி அது. ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு மனதுக்கு நிறைவாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஏறி வருவார்கள், வந்ததும் அதுவரை பறித்ததற்கு அரை எடை போட்டுவிடலாம் என்று தராசை நேராக்கி வைத்தேன். வரவில்லை. மூட்டத்தில் மெதுவாக ஏறுகிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு காளியப்பன் கத்துகிற சத்தம் கேட்டது. அவனிடம் பட்டன் போன், அதில் ஆப் ஏறாது. அவன் மரம் ஒடிகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறான். அவன் கத்தின பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். மேலே வந்து விழுந்தவர்களை எண்ணினேன். பத்தொன்பதுக்குப் பதினெட்டு. மறுபடி எண்ணினேன். பூல்மணி மட்டும் கீழே கையைக் காட்டிக் காட்டி அவள் பாஷையில் அழுதாள்.

குட்டி கூட இருந்ததால் தாய் விடவில்லை என்று வாட்சர் பிறகு சொன்னான். அதற்கு மேல் அதைச் சொல்ல ஒன்றும் இல்லை.

பெண்கள் பெட்டியை உடைக்கிற மாதிரி திறந்து போனை எடுத்தார்கள். சீட்டைக் காட்டி எடுங்கள் என்றேன். யார் கேட்கிறார்கள்? இருந்தாலும் மறுநாள் வீடு வீடாகப் போய்ச் சரி பார்த்தேன். பதினாறும் சரியான கையில்தான் இருந்தது. தங்கபுஷ்பத்தின் கொழுந்துப் பையைக் காளியப்பன் தூக்கி வந்தான். எடை போட்டேன். ஒன்பது கிலோ. ஈரக் கொழுந்துக்கு ஒரு கிலோ கழிப்பது வழக்கம். அன்றைக்குக் கழிக்கவில்லை.

இப்போது என் குறைக்கு வருகிறேன்.

தங்கபுஷ்பத்துக்கு ஒரே மகள், எப்சிபா. எப்சி என்று கூப்பிடுவோம். அப்பா இல்லை. அவர்கள் இருக்கிற எஸ்டேட் லைன் வீடு அம்மா பெயரில். எங்கள் எஸ்டேட்டில், வேலையில் இருக்கும்போது விபத்தில் போனால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும், வேலையோடு வீடும் தங்கும். சொந்தக் கவனக்குறைவால் போனார் என்று ஆகிவிட்டால் வேலை இல்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குத்தான் இன்றைக்குப் பொள்ளாச்சியில் விசாரணை. எஸ்டேட் தரப்புச் சாட்சி நான்.

காலையில் ஜீப்பில் இறங்கும்போது ராஜகோபால் சார் சொன்னார், "சூசை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பெட்டியைப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல. நீங்களா ஆரம்பிச்சுடாதீங்க." எனக்குப் புரிந்தது. பெட்டியில் ஒரு போன் இன்னும் உடையவர் கைக்குப் போகவில்லை. ஒன்பதாம் நம்பர். என்னிடம் ஒரு பொருள் தங்கி நிற்கிறது என்று நாலு பேர் முன்னால் வர வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். என் மரியாதையைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

எஸ்டேட் வக்கீல் மரியாதையாகக் கேட்டார்.

"எச்சரிக்கைச் செய்தி அந்தம்மாவோட போனுக்கு வந்ததா?"

"வந்தது."

"நிச்சயமா?"

"ஒன்பதாவது வட்டம் பச்சை. நானே பார்த்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து நாற்பத்திரண்டு."

"சம்பவம்?"

"பத்து ஐம்பத்தெட்டுக்குக் காளியப்பன் சத்தம் கேட்டது."

"ஓடையில இருந்து மேல ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"எட்டு நிமிஷம். தங்கபுஷ்பம் என்றால் ஆறு. அவள் வேகமாக ஏறுவாள்."

"அப்போ, ஏற வேண்டிய நேரத்தைப் போல ரெண்டு பங்குக்கு மேல அவங்களுக்கு இருந்திருக்கு."

"ஆமாம்."

யூனியன் தரப்பில் வந்தவர் புதுப் பையன். பக்கத்து எஸ்டேட்டுக்காரன், எங்கள் பெட்டி வழக்கம் அவனுக்குத் தெரியாது. அவன் எழுந்து, "அந்த ஆப் ஒழுங்கா வேலை செஞ்சுதா? அடிக்கடி கெட்டுப்போகுமாமே?" என்று கேட்டான். "ஒரு நாள்கூடக் கெட்டதில்லை" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு நிமிஷம்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்னைப் போல் சுத்தமாகச் சாட்சி சொன்னவர் இல்லை என்று ராஜகோபால் சார் என் தோளைத் தொட்டுச் சொன்னார். அவர் இதுவரை என்னைத் தொட்டதில்லை.

உள்ளே எல்லாம் கேட்டுவிட்டு வந்த எப்சி வெளியே வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளிடம் ஒரு கடமை இருந்தது. மூன்று மாதமாக அந்தப் போனை வைத்துக் காப்பாற்றுகிறேன். வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுவேன், இல்லாவிட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்று அந்தக் கம்பெனிப் பையன் சொல்லியிருக்கிறான். பஞ்சில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன்.

"அம்மாவோடதும்மா. ஒரு கீறல் இல்லை. நம்பர் சீட்டோட இருக்கு."

அவள் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஒன்பது என்று எழுதின சீட்டைப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு தாத்தா?"

"என் பெட்டியிலதான். பத்திரமா."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான். எல்லார் போனும் அங்கதானே இருக்கும்."

"பத்து நாப்பத்திரண்டுக்கு?"

"ஆமாம்மா. அப்பதான் பச்சை விழுந்துச்சு."

பொள்ளாச்சியில் ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளை, விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி அந்த நம்பர் சீட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "இதை ஏன் உள்ள சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா."

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. போனை என் உள்ளங்கையில் வைத்து, என் விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். அவள் அம்மா என் கையைப் பார்த்தது போலவே பார்த்தாள். "இதை நான் வாங்க மாட்டேன். அடுத்த வாய்தாவுக்கு நீங்களே எடுத்துட்டு வாங்க. வந்து அவங்க முன்னாடி என்கிட்டக் குடுங்க" என்றாள். சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டாள். இதே பஸ்ஸில் ஏறுவாள் என்று பார்த்தேன். ஏறவில்லை.

இதுதான் என் குறை. நான் என்ன தவறு செய்தேன்? அந்தப் பிள்ளையின் பொருளை இத்தனை நாள் காத்து, கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள். அடுத்த வாய்தாவில் கேட்டால் சொல்லப்போகிறேன். பெட்டி எங்கே என்று கேட்டால் கொட்டகையில் என்று சொல்லுவேன், யாரிடம் சாவி என்று கேட்டால் என்னிடம் என்று சொல்லுவேன். எதையும் மறைக்கிற ஆள் இல்லை நான். கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காமல் எழுந்து நின்று பேசு என்றால் எனக்கு வராது தம்பி. எனக்குச் சத்தம் போட வராது என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே.

நீங்கள் பதில் சொல்லவே இல்லை. புளூடூத்தா, வைஃபை டைரக்டா? இரண்டும் இல்லை என்கிறீர்களா? அப்படி என்றால் வேறு எது? அவர்கள் இரண்டைத்தானே கொண்டுவந்தார்கள்.

தலையை ஏன் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்? வளைவில் வாந்தி வருகிற மாதிரி இருக்கிறதா? எலுமிச்சம்பழம் இருக்கிறது, தருகிறேன். இருங்கள், இந்தப் பையில் இல்லை, இதில் போன் இருக்கிறது. பாருங்கள், நீங்கள் இந்த வேலை செய்கிறவர், பார்த்தாலே தெரியும், எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று. அந்தச் சிவப்புச் செய்தி இன்னும் மேலேயே நிற்கிறது. மற்றவர்கள் எடுத்தவுடன் அமுக்கி அழித்துவிட்டார்கள். 'பார்த்தேன்' என்று அமுக்கினால் போய்விடும். உடையவர்தான் அமுக்க வேண்டும். நான் தொடவில்லை.

வளைவு வருகிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். போனை என்னிடமே கொடுத்துவிடுங்கள்.

பதினேழு வாங்கினேன். பதினாறு கொடுத்துவிட்டேன். மீதி ஒன்று.